நான்கு வரிசைப் பச்சை

அத்தியாயம் 5

மக்காச்சோளக் காட்டுக்குள் ஒரு பிணம் கிடந்தால் அது கௌரவமான துப்பறியும் கதை. எங்களுக்கு வாய்த்ததில் காடே பிணமாகக் கிடந்தது.

இடுப்புயரம் வளர்ந்து, கதிர் பிடிக்கிற நேரத்தில் மொத்தமாகக் காய்ந்துபோன பயிர். காற்று வீசினால் பழைய செய்தித்தாளைக் கசக்குகிற மாதிரி சத்தம். நடுவில் நாங்கள் மூன்று பேர்: எங்களைத் துப்பறியக் கூப்பிட்ட கட்சிக்காரர், டீச்சர், டீச்சருக்குக் குடை பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிற நான்.

டீச்சர் என்றால் நிஜமான டீச்சர். பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தியவர். பரீட்சையில் காப்பியடிப்பவனை அவன் முதுகை மட்டும் பார்த்தே பிடித்துவிடுவாராம். இந்தத் திறமைக்குப் பள்ளிக்கூடம் போதவில்லை என்று ராஜினாமா செய்துவிட்டுத் துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தார். நிறுவனம் என்பது அவர், அவருடைய குடை, அவருடைய கார், அந்தக் காரை ஓட்டும் அடியேன். முக்கியத்துவமும் அதே வரிசையில்தான்.

"மறுபடியும் ஒரு தடவை சொல்லுங்க" என்றார் டீச்சர்.

கட்சிக்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். தடித்த மனிதர். சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுகிற மாதிரி இருக்கும்.

"மழை இல்லைங்க டீச்சர். பயிர் முழுசா போனவங்களுக்கு அரசாங்கம் வறட்சி நிவாரணம் கொடுத்துச்சு. எனக்கும் வந்துச்சு. வந்தப்புறம் அந்த வேளாண் அதிகாரி சொல்றான், அக்கம்பக்கத்துக் காடெல்லாம் பாதி உசுரோட நிக்குது, உன்னுது மட்டும் எப்படி ஒரேயடியாப் போச்சு, நிவாரணம் வாங்கறதுக்காக நீயே மருந்தடிச்சுக் கொன்னுட்டியான்னு. இன்னிக்கு சாயங்காலம் ஆபீசுக்கு வந்து பதில் சொல்லணுமாம். இல்லாட்டி போலீசுக்குப் போகுமாம். நான் ஊர்லயே இல்லைங்க! பொண்ணு பிரசவத்துக்கு டவுன் ஆஸ்பத்திரியில கிடந்தேன்."

இதை டீச்சர் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விசாரித்திருந்தார். "யாரு, வார்டு மின்விசிறிக்காகத் தினமும் சண்டை போட்டாரே, அவரா?" என்று கேட்டாராம் நர்ஸ். ஒரு நர்ஸ் இவ்வளவு ஆத்திரத்தோடு ஒருவரை ஞாபகம் வைத்திருந்தால், அந்த ஆள் அங்கே இருந்தது சத்தியம்.

டீச்சர் குனிந்து, காய்ந்த சோளத்தின் காலடியில் எதையோ பிடுங்கி என்னிடம் நீட்டினார். காய்ந்த புல்.

"இது என்ன?"

"புல்லு, டீச்சர்."

"உக்காரு. என்ன புல்லு?"

வகுப்பில் உட்காரச் சொன்னால் பெஞ்ச் இருக்கும். நான் நின்றபடியே விழித்தேன்.

"கோரை" என்றார் கட்சிக்காரர். "சனியன் பிடிச்ச புல்லு. எத்தனை பிடுங்கினாலும் முளைக்கும்."

"மழை இல்லைன்னா இது சாகுமா?"

"இதுவா? நாம எல்லாம் செத்தப்புறம்தான் இது சாகும்."

"அதோ வரப்புல பச்சையா நிக்குது. வயலுக்குள்ள மட்டும் செத்திருக்கு" என்றார் டீச்சர். "வறட்சியில சோளம் முதல்ல போகும், கோரை கடைசியில. இங்க ரெண்டும் ஜோடியாப் போயிருக்கு. அதிகாரி சந்தேகப்பட்டது சரிதான். யாரோ களைக்கொல்லி அடிச்சிருக்காங்க."

கட்சிக்காரர் அதிர்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ லாட்டரி விழுந்த மாதிரி சிரித்தார்.

"அப்படிச் சொல்லுங்க! யாருன்னு நான் காட்டறேன், வாங்க."

காட்டின் கிழக்குக் கோடிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே வரப்பை ஒட்டி நான்கு வரிசை. நான்கே வரிசை. நோஞ்சான் பச்சைதான், கதிரும் விரல் பருமன்தான். ஆனால் உயிரோடு இருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம், மரக்கால்களின் மேல் வரிசையாகத் தேனீப் பெட்டிகள்.

"அந்தாளுதான். தேனீ வளர்க்கிறான். என் சம்சாரத்தோட கூடப்பிறந்த அண்ணன். இந்த வரப்புத் தகராறுல ஆறு வருஷமாப் பேச்சு வார்த்தை இல்ல. என் பயிரைக் கொன்னான், தன் தேன்பூச்சிக்கு மட்டும் மருந்து படாம நாலு வரிசையை விட்டான். இதுக்கு மேல என்ன வேணும்? ஆபீசுக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லிடறேன்."

எனக்கும் அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, ஒரு குளிர்ந்த பானத்தைத் தவிர. டீச்சர் மட்டும் அந்த நான்கு வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார், விடைத்தாளில் பதில் சரியாக இருந்து வழிமுறை தப்பாக இருந்தால் பார்ப்பாரே, அந்த மாதிரி.

"தேன்காரரைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றார்.

"பூச்சி கடிக்கும், டீச்சர்."

"உன்னைக் கடிச்சா பூச்சிக்குத்தான் ஆபத்து. வா."

*

தேன்காரர் தன் மைத்துனரைப் போல் பாதிகூட இல்லை. ஒல்லி, மெதுவான பேச்சு. தகரக் கொட்டகையில் உட்கார்ந்து ஒரு பெட்டியின் உடைந்த சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் யார் என்று டீச்சர் சொன்னதும் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"மாப்பிள்ளை என்னைச் சொல்றாரா?"

"ஆமாங்க."

"சரி" என்றார். கோபமில்லை. என்றைக்கோ எதிர்பார்த்திருந்த விருந்தாளி வந்துவிட்ட மாதிரி ஒரு சரி.

"உங்க பெட்டிகளைக் கொஞ்சம் பாக்கலாமா?"

அவர் எழுந்து நடந்தார். நான் காரில் இருந்த பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துத் தலையிலிருந்து முழங்கால்வரை சுற்றிக்கொண்டேன். மூச்சுவிட ஒரு துளை மட்டும். டீச்சர் குடையோடு முன்னால் போக, பின்னால் ஒரு பார்சல் மாதிரி நான் போனேன்.

முதல் பெட்டியின் மூடியைத் தூக்கினார் தேன்காரர். நான் கண்ணை மூடினேன். ரீங்காரம் கேட்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்தேன். உள்ளே ஒரு பல்லி. என்னைப் பார்த்துவிட்டு ஓடியது.

இரண்டாவது பெட்டி. காலி. மூன்றாவதில் காய்ந்த தேனடையும் சிலந்தி வலையும். கடைசியில் ஒரு நீலப் பெட்டி, அதுவும் காலி.

"பூ இல்லைங்களே" என்றார் தேன்காரர். "பூ இல்லாட்டி பூச்சி நிக்காது. ஒவ்வொரு பெட்டியா விட்டுட்டுப் போயிடுச்சுங்க. அரசாங்கத்துல கேட்டேன். பயிருக்குத்தான் நிவாரணமாம், பறந்துபோனதுக்குத் திட்டம் இல்லையாம்."

"எப்போ போச்சு?"

"மாப்பிள்ளை டவுனுக்குப் போறதுக்கு முன்னாடியே."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்ட சொல்லலைன்னு கேளுங்க. டீக்கடை, பஸ் டிரைவரு, போஸ்ட்மேன்னு எல்லார்கிட்டயும் புலம்பியாச்சு. கேட்டுக் கேட்டு அவங்களே என்னைப் பார்த்தா ஒதுங்கிப் போறாங்க." லேசாகச் சிரித்தார். பிறகு வரப்புக்கு அந்தப்புறம் நின்ற நான்கு வரிசையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. நீலப் பெட்டியின் மூடியை மட்டும் கவனமாகப் பொருத்தி மூடினார்.

*

கட்சிக்காரர் ஆபீசுக்குப் போகச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி எங்களை உள்ளே கூப்பிட்டு டீ போட்டார். அடுப்பு, ஒரு மேஜை, ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே சுவரில், முதுகில் மாட்டிக்கொள்ளும் மருந்துத் தெளிப்பான் கழுவித் தலைகீழாகத் தொங்கியது. டீச்சர் அதைப் பார்த்தார். நான் பிஸ்கட்டைப் பார்த்தேன்.

"பேரன் எப்படி இருக்கான்?" என்றார் டீச்சர்.

"நல்லா இருக்கான்க்கா. இன்னும் நான் போய்ப் பாக்கலை. இங்க மாட்டைப் பாத்துக்க ஆளில்ல." முகம் திரும்பவே இல்லை. "அண்ணனைப் பாத்தீங்களா? அவரை என்ன செய்வாங்க?"

அந்தக் கேள்வியில் நான் காதை வைத்திருக்க வேண்டும். வாயை வைத்தேன்.

"அதை ஏம்மா கேக்கறீங்க! அவரு பெட்டியைத் திறக்கறாருன்னதும் நான் பிளாஸ்டிக்கைச் சுத்திக்கிட்டு, கடைசியா ஒரு தடவை குடும்பத்தை நினைச்சுக்கிட்டு நிக்கறேன். உள்ள பார்த்தா ஒரு பல்லி. அதுவும் என்னைப் பார்த்து பயந்து ஓடிடுச்சு."

"பூச்சி?"

"பூச்சியே இல்லம்மா. எப்பவோ ஓடிப்போச்சாம். எல்லாப் பெட்டியும் காலி."

அவர் அடுப்பை அணைத்தார். பால் இன்னும் பொங்கவே இல்லை.

"எல்லாமுமா? கடைசியில இருக்கே, நீலப் பெட்டி? அது நான் கல்யாணத்துக்கு முன்னாடி பெயின்ட் அடிச்சது."

"அதுவும்தான்" என்றார் டீச்சர் மெல்ல. "உங்க வீட்டுக்காரர் டவுனுக்குப் போறதுக்கு முன்னாடியே போயிடுச்சாம். ஊருக்கே தெரிஞ்சிருக்கு."

"அப்ப..." என்றார் அந்த அம்மா.

அவ்வளவுதான். மீதி வரவில்லை. பொங்காத பாலில் டீயைக் கலந்து எங்களுக்குக் கொடுத்தார். சர்க்கரை இல்லை. நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கும் நாகரிகம் எனக்கு வந்தது அந்த ஒரு நிமிஷம்தான். அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் வந்திருக்கலாம்.

"நானும் ஆபீசுக்கு வரேங்க" என்று உள்ளறையைப் பார்த்துச் சொன்னார் அவர்.

"நீ எதுக்கு?" என்றது உள்ளிருந்து குரல்.

"வரேன்."

*

கார் ஸ்டார்ட் ஆனதும் டீச்சர் என் பக்கம் திரும்பினார். முன்னால் கட்சிக்காரரின் மோட்டார் சைக்கிள், பின்சீட்டில் அவர் மனைவி, மடியில் கைப்பை. அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"சொல்லு பாக்கலாம். நாலு வரிசையை ஏன் விட்டாங்க?"

"பூச்சிக்கு மருந்து படக்கூடாதுன்னு."

"எந்தப் பூச்சிக்கு?"

நான் கியர் மாற்ற மறந்தேன்.

"பெட்டி காலின்னு தேன்காரருக்குத் தெரியும்" என்றார் டீச்சர். "காலிப் பெட்டிக்கு அவர் எதுக்கு நாலு வரிசை விடணும்? விட்டவங்க, பெட்டிக்குள்ள பூச்சி இருக்குன்னு நம்பியிருக்காங்க. ஊர்ல அதை நம்பக்கூடிய ஆளு யாரு? போஸ்ட்மேனுக்குக்கூடத் தெரிஞ்ச விஷயம் எந்த வீட்டுக்குத் தெரியாது?"

"அவரோட பேரையே எடுக்கக் கூடாத வீட்டுக்கு."

"அந்த வீட்டுல அப்ப யாரு இருந்தாங்க?"

முன்னால் போன மோட்டார் சைக்கிளின் பின்சீட்டைப் பார்த்தேன். தேன்காரரோடு பேச்சில்லாதவர், ஆனால் அவர்மேல் உயிரையே வைத்திருப்பவர். உலகத்திலேயே அப்படி ஒரே ஒரு குற்றவாளிதான் இருக்க முடியும்.

"டீச்சர், அவங்க 'அப்ப'ன்னாங்களே..."

"அதுக்கப்புறம் என்ன வந்திருக்கும்னு யோசி."

யோசித்தேன். அப்ப நான் அந்த நாலு வரிசையை விட்டது வீண்தானா. பல்லி ஜோக் வேறு அடித்திருக்கிறேன். என்னை அந்தப் பெட்டிக்குள்ளேயே போட்டு மூடியிருக்கலாம்.

"சும்மா இருந்துட்டா என்ன, டீச்சர்? நாம ஒண்ணும் சொல்லலைன்னா?"

"நீ சொல்லலைன்னா தேன்காரரைக் கூட்டிட்டுப் போவாங்க. சொன்னா இவங்களை."

"ரெண்டுமே நல்லா இல்லையே."

"அதான் நானும் யோசிச்சுக்கிட்டே வரேன்" என்றார் டீச்சர். அவர் குரல் இவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. "கண்டுபிடிக்கிறது சுலபம். அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு எந்தப் பாடத்துலயும் இல்ல."

*

வட்டார வேளாண் அலுவலகத்தில் ஒரு மேஜை, அதன்மேல் விதை போட்ட கண்ணாடி ஜாடிகள், சுவரில் புழுக்களின் வண்ணப்படங்கள். எல்லாப் புழுவும் அதிகாரியைவிட ஆரோக்கியமாக இருந்தது. தூக்கம் கெட்ட முகம் அவருக்கு. பெஞ்சில் தேன்காரர் உட்கார்ந்திருந்தார். கட்சிக்காரர் போன் போட்டதும் அலுவலக ஜீப்பை அனுப்பி அழைத்து வந்துவிட்டார்கள்.

"உங்க பக்கம் நாலு வரிசை மட்டும் பச்சையா நிக்குது. என்ன சொல்றீங்க?" என்றார் அதிகாரி.

தேன்காரர் வாசலில் நின்ற தங்கையைப் பார்த்தார். ஆறு வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது இதுதான் முதல்முறையாக இருக்கும்.

"நான்தான் சார் அடிச்சேன்."

"கேட்டீங்களா!" என்று எகிறினார் கட்சிக்காரர். "நான் சொன்னேன்ல!"

அதிகாரி மேஜையில் இருந்த போனை எடுத்தார். டீச்சர் வாயைத் திறந்தார். அதற்குள் வாசலில் இருந்து குரல் வந்தது.

"அவரு பொய் சொல்றாரு சார். அடிச்சது நான்."

கட்சிக்காரர் மனைவியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார். அவருக்குள் என்ன ஓடியதோ.

"இவளுக்கு மருந்து டேங்கைத் தூக்கவே தெம்பு கிடையாது சார். நான்தான் அடிச்சேன்."

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்கன்னு நர்ஸ்கிட்ட நானும் போன் போட்டுக் கேட்டுட்டேன்."

"நான்... சொல்லி அடிக்க வெச்சேன்."

"ஒரு பயிரை எத்தனை பேருதான்யா கொல்லுவீங்க?" என்றார் அதிகாரி. போனைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த அம்மா மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"பாதி டேங்க் பிடிச்சா தூக்கலாம் சார். ரெண்டு சாயங்காலம் அடிச்சேன். இவரு இல்லாதப்ப நீங்க வந்து பயிரைப் பாத்தீங்கல்ல, அன்னிக்கு என்ன சொன்னீங்க? பாதி செத்தா திட்டத்துல ஒண்ணும் கிடையாதும்மா, முழுசாப் போயிருந்தா ஏதாவது செய்யலாம்னீங்க. பாவப்பட்டுத்தான் சொன்னீங்க. நான் தப்பா சொல்லலை. ஆனா அதுக்கப்புறம் ராத்திரியெல்லாம் அதே ஓடுச்சு. டவுன்ல ஆபரேஷன் பண்ணணும்னு போன் வருது. காட்டுல பயிர் சாகவும் மாட்டேங்குது, பிழைக்கவும் மாட்டேங்குது."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைப்பதற்கு இல்லை. மேஜைமேல் வைத்தார்.

"நாலு வரிசையை மட்டும் ஏன்மா விட்டீங்க?" என்று கேட்டது டீச்சர். பதில் தெரிந்தும் கேட்டார். அந்தப் பதில் அந்த அம்மாவின் வாயிலிருந்தே வரட்டும் என்று நினைத்திருப்பார்.

"எல்லாத்தையும் கொன்னுக்கிட்டே வந்தேன்க்கா. வரப்புக்கிட்ட வந்ததும் பெட்டி தெரிஞ்சுது. பூச்சி அடங்கற நேரம்தான், இருந்தாலும் காலையில முதல்ல வந்து உக்காருறது அந்த வரிசையிலதான். சின்ன வயசுல நான் பாத்திருக்கேன். அங்க அடிக்கக் கை வரலை." அண்ணன் பக்கம் திரும்பினார். "பெட்டி காலியாப் போச்சுன்னு ஏண்ணா எனக்குச் சொல்லலை?"

"வீட்டு வாசல்வரைக்கும் ரெண்டு தடவை வந்தேன்" என்றார் தேன்காரர். "மாப்பிள்ளை வண்டி நின்னுது. திரும்பிட்டேன்."

கட்சிக்காரர் சுவரில் இருந்த புழுப்படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். உலகத்தில் அவ்வளவு ஆர்வத்தோடு யாரும் தண்டுத் துளைப்பான் புழுவைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதிகாரி கடைசியில் சொன்னார். விசாரணை முடியும் முன் தானாக ஒப்புக்கொண்டால் போலீசுக்கு அனுப்ப வேண்டியதில்லை. வாங்கியதைத் தவணையில் திருப்பிக் கட்ட வேண்டும். மூன்று வருஷத்துக்கு எந்தத் திட்டத்திலும் பேர் வராது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் தொண்டையைச் செருமினார். பிறகு, அந்த அம்மாவைப் பார்க்காமல், "நான் அன்னிக்கு வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்மா" என்றார். என் இனம் என்று தோன்றியது எனக்கு.

வெளியே வந்தோம். படியில் கட்சிக்காரர் டீச்சரை நிறுத்தினார்.

"யாரு பண்ணாங்கன்னு கண்டுபிடிக்கத்தான உங்களைக் கூப்பிட்டேன்."

"ஆமா."

"மச்சான் உள்ள வராம என் வீட்டு வாசலை அடைச்சது யாருங்க?" என்றார் அவர். கேள்வி டீச்சருக்கு இல்லை. பதிலுக்கும் காத்திருக்கவில்லை.

நேராகத் தன் மோட்டார் சைக்கிளிடம் போனார். சாவியை எடுத்தார். மரத்தடியில் தங்கையும் அண்ணனும் ஒரு முழம் இடைவெளியில் நின்றுகொண்டிருந்தார்கள். சாவியை மச்சானிடம் நீட்டினார்.

"பிரேக் கொஞ்சம் லூசா இருக்கு, மச்சான். பாத்து ஓட்டுங்க. இவளைக் கூட்டிட்டுப் போயி அந்தப் பெட்டியெல்லாம் காட்டுங்க."

"நீங்க, மாப்பிள்ளை?"

"நடந்து வரேன்."

"எவ்வளவு தூரம்! வெயில் வேற..."

"பரவாயில்ல. நடக்கறேன்."

மோட்டார் சைக்கிள் கிளம்பியது. தேன்காரர் ஓட்டிய வேகத்துக்குப் பக்கத்தில் போன நாய் முந்தியது. பின்சீட்டில் இருந்தவர் ஒரு கையால் கைப்பையையும் இன்னொரு கையால் அண்ணனின் சட்டையையும் பிடித்திருந்தார்.

நான் காரைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கதவைத் திறந்தேன். "ஏறுங்க சார், வழியில இறக்கிவிடறேன்."

"வேண்டாம் தம்பி."

அவர் ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தார். துண்டைத் தலையில் போட்டுக்கொள்ளக்கூட இல்லை. நான் முதல் கியரிலேயே பின்னால் போனேன். இஞ்சின் உறுமியது. வழக்கமாக அந்தச் சத்தத்துக்கு டீச்சர் திட்டுவார்.

"முந்திடட்டுமா, டீச்சர்?"

"வேண்டாம்."

ரோடு காலியாகத்தான் இருந்தது. அவர் வீட்டுக்குத் திரும்பும் வரப்புப் பாதைவரை நாங்கள் அப்படியே ஊர்ந்துகொண்டு போனோம், ஹார்ன் அடிக்காமல்.